ஏழாவது வந்த குதிரையும் ஏழாவது வந்த மகளும்

குதிரைப் பந்தயப் பத்திரிகையில் கணிப்பு எழுதுகிறவருக்கு வாய்த்த தலைவிதி இது: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரிய வேண்டும், ஏன் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.

அன்றைக்கும் காலையிலிருந்து ஓயாத போன். போதாக்குறைக்கு அச்சுக்கூட மேலாளர் வேறு வந்து நின்றார்.

"என்ன சார், அந்தக் கறுப்புக் குதிரையைப் போய் முதல்ல போட்டிருக்கீங்க? ஏழாவது, எட்டாவதுன்னு வருது. தேறாத கேசு சார் அது."

கணிப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, எத்தனாவது வந்துச்சுன்னு பாத்தீங்க, சரி. யாரோட ஓடிச்சுன்னு பாத்தீங்களா? கீழ் கிளாஸ்ல ஜெயிச்சுது, மேல் கிளாஸுக்கு ஏத்திட்டாங்க. அங்க எல்லாம் எமகாதகக் குதிரைங்க. அதுங்களோட ஓடி ஏழாவது வந்தாலும், கீழ ஜெயிச்சப்ப ஓடினதைவிட வேகமா ஓடியிருக்கு. இப்ப மறுபடி கீழ இறக்கியிருக்காங்க. விடுமா அது?"

"என்னமோ போங்க" என்று மேலாளர் நடையைக் கட்டினார். வருஷக்கணக்காக இதே பாட்டுத்தான். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கமாட்டாளா பின்னே? வீட்டுப் பக்கத்து நீச்சல் குளத்தில் எப்போதும் அவள்தான் முதல். அதைப் பார்த்துப் பெரிய குளத்துப் பயிற்சியாளர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அங்கே முதல் போட்டியில் ஏழாவதாக வந்தாள். அவ்வளவுதான், அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே பயிற்சியாளருக்குப் போன் போட்டு, "இது அவளுக்கு ஒத்துவராது சார், பழைய இடத்துக்கே வந்துடட்டும்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏழாவது வந்துட்டு கோபம் வேறயா?" என்று இப்போதும் அவர்தான் ஆரம்பித்தார். "எப்பவும் முதல்ல வந்த பொண்ணு!"

"அங்க முதல்ல வந்தப்ப நீந்தினதைவிட இங்க ரெண்டு செகண்டு குறைச்சிருக்கேன். பாத்தீங்களாப்பா?"

 

கரண்டியும் கையுமாக மனைவி எட்டிப் பார்த்தாள். "இவ ஒரு குதிரையா இருந்திருந்தா நியாயமா கணிச்சிருப்பீங்க. மகளாப் போயிட்டா, என்ன பண்றது?"

சுருக்கென்று தைத்தது. சே, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது அவருக்கு. மேலாளரிடம் கத்திய அத்தனையும் இப்போது தன்னைப் பார்த்தே கத்தியது போல் இருந்தது. அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? பதறிப்போய்ப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்.

"சார், காலைல நான் சொன்னது..."

"அதுவா? நீங்க போனை வச்ச கையோட உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்களே. அவர் பேச்சைக் கணக்குல எடுத்துக்காதீங்கன்னாங்க. நாளைக்கு நேரத்தோட அனுப்பி வைங்க சார்."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"இடம் போகலைன்னு உனக்குத் தெரியுமா?"

"காலையிலேயே அம்மா சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்னத்துக்குடி இவ்வளவு கோபம்?"

"மத்தவங்க எல்லாரும் ஏழாவதுன்னுதான் சொன்னாங்க. நீங்களாவது யாரோட நீந்தினேன்னு பாப்பீங்கன்னு நெனச்சேன்பா."