ஒரிஜினல் பெல்ட்

சிட்னியில் பனி கொட்டுவதில்லை. லிட்கம்மில் எங்கள் தெருவில் குளிர்காலக் காலைகளில் கார்க் கண்ணாடியில் கொஞ்சம் ஈரம் படியும், அவ்வளவுதான். அப்படியான இடத்தில் எங்கள் கராஜின் நடுவில் ஒரு ஸ்நோமொபைல் நின்றது. கார் வெளியே வெயிலில் காய்ந்தது. வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் "இதென்ன, தண்ணியில ஓடுறதோ?" என்று கேட்கும். என் கணவர் பொறுமையாக விளக்குவார். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்குச் சுழல்கிற அகலமான ரப்பர் பட்டி, நடுவில் ஒரு எஞ்சின், பனிக்கு மேலே ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விடுவேன். கேட்டுக் கேட்டுப் புளித்த கதை.

அந்த ஆசை எங்கே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நான் கொழும்பில் விசாவுக்காகக் காத்துக் கிடந்த காலத்தில், அவர் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கோப்பை கழுவினார். குசினி யன்னலால் பார்த்தால் விடுதிக்காரர்கள் ஸ்நோமொபைலில் சரிவு ஏறி இறங்குவது தெரியுமாம். ஒரு நாள் துணிந்து, தானும் ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளன் சிரித்துவிட்டு, முதலில் சட்டிகளைக் கழுவி முடி என்றானாம். இதைச் சொல்லும்போது அவரும் சிரிப்பார். ஆனால் அந்த வண்டியைத் தன் கையால் ஒரே ஒரு முறை பனியில் ஓட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் அன்றே விழுந்துவிட்டது. வேறு எதற்கும் ஆசைப்படாத மனிதர். அதனால் நானும் தடுக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மலையடிவாரத்துப் பண்ணைக்காரர் ஒருவரின் கொட்டகையில் அதே ரகத்து வண்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். சீற்று மெத்தைக்குள் எலி குடியிருந்தது. சறுக்குக் கட்டைகளின் இரும்பு கறள் பிடித்துப் பொடிந்தது. அந்தப் பண்ணைக்காரர் நல்ல மனிதர். திருத்தி முடித்தால் என்னுடைய மேட்டு வயலில் கொண்டுவந்து ஓடு, வருடத்தில் சில நாள் அங்கே பனி நிற்கும், நிற்கிற நேரம் கூப்பிடுகிறேன் என்று சொன்னார். அப்படியே ஒவ்வொரு குளிர்காலமும் கூப்பிட்டார்.

பிழை எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கியது. பழைய வண்டிக்கு இரண்டு விதமான பாகங்கள் கிடைக்கும். அந்தக் காலத்திலேயே தொழிற்சாலை செய்து, எங்கேயோ ஒரு கடை மூலையில் விற்காமல் கிடந்த ஒரிஜினல் ஒன்று. அதைப் பார்த்து இப்போது யாரோ செய்து விற்கிற புதியது மற்றது. புதியதை இணையத்தில் ஓடர் சொன்னால் வாசலில் வந்து இறங்கும். இவர் அதைக் கையாலும் தொட மாட்டார். இவருடைய பள்ளித் தோழர் ஒருவர் கனடாவில் இருக்கிறார். அவர் அங்கே பழைய கொட்டகைகளுக்குள் புகுந்து ஒரிஜினல்களைத் தேடி எடுத்து, சிட்னிக்கு வருகிற சொந்தக்காரர்களின் சூட்கேசுகளில் திணித்து அனுப்புவார். கலியாணத்துக்கு வந்த ஒரு அன்ரி, பட்டுச்சேலைகளுக்கு நடுவில் ஒரு கார்புரேற்றரைக் கொண்டுவந்து, பெற்றோல் மணக்கிற தன் சேலைகளை எனக்கு விரித்துக் காட்டிவிட்டு, என்னோடு கோபித்துக்கொண்டு போனார்.

அப்படித்தான் அந்தப் பெல்ட்டும் வந்தது. எஞ்சினின் சுழற்சியைப் பின் பட்டிக்குக் கொண்டுபோகிற ரப்பர் பெல்ட். அது இல்லையென்றால் எஞ்சின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையின் காகித உறைக்குள், ஒருவரும் திறக்காமல், புத்தம் புதிதாக இருந்தது. இவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி என் அலுமாரிக்குள், கூறைச்சேலைக்குப் பக்கத்தில், பூச்சி உருண்டைகளோடு வைத்தார்.

எங்கள் சனத்துக்கு நல்ல சாமான் என்றால் பாவிக்கக் கூடாத சாமான். சோபாவின் பிளாஸ்ரிக் உறையை எங்கள் வீட்டில் மகள் கலியாணம் முடித்துப் போன பிறகுதான் கழற்றினோம். விருந்தாளிக்கென்று வைத்த கிண்ணங்களை விருந்தாளி வந்தாலும் எடுப்பதில்லை, அதைவிடப் பெரிய விருந்தாளி வரக்கூடும் என்று. இந்தப் புத்தியோடு விமானம் ஏறி வந்தவர்கள் நாங்கள். ஆனால் ரப்பருக்கு இது தெரியாதே.

நான் சொன்னேன். மகளின் கலியாணத்துக்கு என் கூறையை எடுத்து விரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அதைக் காட்டியே சொன்னேன்.

"இஞ்சருங்கோ, வைச்சிருந்தே பட்டு இத்துப் போச்சு. உந்த ரப்பர் மட்டும் நிக்குமே?"

"பட்டு வேற, ரப்பர் வேற. உமக்கு விளங்காது."

பரீட்சித்துப் பார்க்க மட்டும் இணையத்தில் ஒரு புதுப் பெல்ட்டை மருமகன் வாங்கிக் கொடுத்தார். அவர் மதுரைப் பக்கம். பிளாக்டவுனில் இருக்கிறார், கணினி வேலை, பொறுமைசாலி. கராஜில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, கயிற்றை இழுத்து எஞ்சினை உயிர்ப்பித்தார்கள். புதுப் பெல்ட் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது. ரப்பர் பட்டி உருண்டது. புகை தெருவரைக்கும் போயிற்று. இவர் கண் கலங்கி நின்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"சூப்பர் மாமா! இதையே போட்டு ஓட்டிடலாம்."

"டெஸ்ட் பண்ணத்தான் உது" என்று சொல்லிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பண்ணைக்காரர் கூப்பிட்டார். வயல் முழுக்கப் பனி. இவர் போகவில்லை. காற்றுத் தடுப்புக் கண்ணாடி ஒரிஜினல் இன்னும் வரவில்லையாம். நான் சண்டை போட்டேன். சும்மா போடவில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சில மாதங்களாகவே இவருடைய தேத்தண்ணிக் கோப்பை சாசரில் கிடுகிடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். வைத்தியர் பார்க்கின்சன், நடுக்குவாதம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே தெரியும். பெயர் சொன்ன பிறகு, இவர் வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை கராஜுக்குப் போய்க் கண்ணாடிக்குச் சட்டம் அளந்ததுதான்.

"கை நல்லா இருக்கேக்கயே ஒருக்கா ஓடிப்போட்டு வாங்கோ. கண்ணாடி பிறகு வரட்டும்."

"வாற வருஷம் எல்லாம் சரியாகீடும். அரைகுறையா ஓடுறதுக்கே இவ்வளவு காலம் இருந்தனான்?"

அடுத்த குளிர்காலத்துக்குள் கண்ணாடி வந்துவிட்டது. கையும் மோசமாகியிருந்தது. ஷேர்ட்டுக்குப் பொத்தான் நான்தான் பூட்டிவிட்டேன். ஆனாலும் வண்டியின் கைப்பிடியில் இருக்கிற வேகக் கொளுவியைப் பெருவிரலால் அமத்துகிற பலம் இருந்தது. கராஜில் தினமும் அமத்திப் பழகினார். பண்ணைக்காரர் கூப்பிட்டதும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். வண்டி மூடியின் உட்பக்கத்தில், மாற்றுப் பெல்ட் ஒன்று மாட்டி வைக்கவென்றே ஒரு கொக்கி உண்டு. அதில் அந்தப் புதுப் பெல்ட்டைக் கொளுவுங்கள் என்று நானும் சொன்னேன், மருமகனும் சொன்னார்.

"டூப்ளிகேட்டை உள்ளுக்க வைக்க மாட்டன்" என்றார்.

விடிய முன்பு புறப்பட்டு, மதியத்துக்குப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தோம். வேலி முதல் மேடு வரை வெள்ளையாகக் கிடந்தது வயல். இவர் உறையைப் பிரித்து, பெல்ட்டைத் தானே மாட்டினார். கை நடுங்கியதால் நேரம் எடுத்தது, மருமகனை உதவிக்கு விடவில்லை. கறுப்பாக, பளபளப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஏறி உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த இத்தனை காலத்தில் அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. மருமகன் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. பெருவிரல் கொளுவியை அமத்தியது. வண்டி ஒரு தரம் முன்னுக்குத் துள்ளியது. பட்டென்று ஒரு வெடி. பிறகு எஞ்சின் மட்டும் உறுமியது. பனியில் கறுப்புக் கறுப்பாகத் துண்டுகள் சிதறிக் கிடந்தன.

வண்டி தன் நீளமளவு தூரம்கூட நகரவில்லை.

அவர் இறங்கவில்லை. கொளுவியை இன்னும் அமத்திக்கொண்டிருந்தார். பண்ணைக்காரர் வந்து, ரப்பருக்கு வயது போனால் உள்ளுக்குள்ளே வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாற்றுப் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டார். அது லிட்கம்மில் கராஜ் தட்டில் இருந்தது. எடுத்துவரலாமென்றால் அன்று பின்னேரமே மழை தொடங்கிவிட்டது, மறுநாள் வயல் சேறு.



கடந்த குளிர்காலம் மீண்டும் போனோம். புதுப் பெல்ட்டை மருமகனிடம் சொல்லி நானே மாட்டுவித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இவரை நானும் மருமகனும் இரு பக்கமும் பிடித்து வண்டியில் ஏற்றினோம். இவருடைய பெருவிரலை எடுத்துக் கொளுவியில் வைத்தேன். விரல் அதில் நிற்கவில்லை. எஞ்சின் கத்தும், அடங்கும், மறுபடி கத்தும். வண்டி கொஞ்சம் அரக்கி நகர்ந்தது, நின்றது, சடாரென்று ஒரு பக்கம் இழுத்தது. பண்ணைக்காரர் ஓடி வந்து சுவிட்சை நிறுத்தினார்.

இவரைக் காருக்குள் ஏற்றி, போர்வையால் மூடினேன். கொண்டுவந்த வண்டியைச் சும்மா திருப்பிக் கொண்டுபோவதா என்று பண்ணைக்காரர் கேட்க, மருமகன் தயங்கித் தயங்கி ஏறினார். அது ஓடிய அழகைச் சொல்ல வேண்டும். வேலியோரமாகப் போய், மேட்டில் ஏறி, மறுபக்கம் மறைந்து, வெண்பனியைத் தூவிக்கொண்டு திரும்பி வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நான் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டேன், அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அவர் கண் வெட்டாமல் பார்த்தார்.

மருமகன் கன்னமெல்லாம் சிவக்க ஓடி வந்தார்.

"பிரமாதமா போகுது மாமா! ஒரு பிரச்சினையும் இல்ல!"

இவருக்கு இப்போது பேச்சும் மெதுவாகத்தான் வரும். சொல்லைத் தேடிக் கூட்டி எடுத்தார்.

"போகும். ஆனா அது ஒரிஜினல் பெல்ட் இல்லை."

வேலை செய்கிற இடத்தில் இந்த நோய் வந்த வருத்தக்காரர் எத்தனையோ பேருக்கு நான் ஊட்டிவிட்டிருக்கிறேன், குளிக்க வார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்று இவரைத் தோளில் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. நோய்க்காக அழலாம், அழுதுமிருக்கிறேன். ஆனால் பெல்ட்டைப் பற்றி அதைச் சொன்னபோது, நடுங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தில், தான் சொன்னதுதான் கடைசியில் சரி என்பதுபோல ஒரு திருப்தி இருந்தது. அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.