வணக்கம், என் பெயர் கவின்

போன சனிக்கிழமை என் மகனின் மூளையைப் படம் பிடித்தார்கள்.

பதறாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வளரிளம் பருவத்தில் மூளை எப்படி வளர்கிறது என்று இங்கே ஒரு பல்கலைக்கழகம் வருஷக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கவினைப் பத்து வயதில் அதில் சேர்த்துவிட்டேன். அவ்வப்போது கூப்பிடுவார்கள், ஈசூன் வீட்டிலிருந்து ரயிலேறிப் போவோம். இப்போது அவனுக்குப் பதினாறு. பள்ளியிறுதி ஓ லெவல் தேர்வு வருஷம்.

முதல் தடவை அந்த ஸ்கேன் குகைக்குள் போகும்போது, “அம்மா, நான் நினைக்கிறதெல்லாம் இவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?” என்று கேட்டான். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. இயர்போனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான் — போய்விட்டான்.

திரையில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், பாதியாக நறுக்கிய காலிஃபிளவர். மழைக்கு முந்திய வானம் மாதிரி மடிப்பு மடிப்பாக... அதற்குள் எங்கோதான் என் கேள்விக்கான பதிலும் ஒளிந்திருக்கிறது. பள்ளி முடிந்ததும் ஜேசி என்கிற தொடக்கக் கல்லூரியா, பாலி என்கிற தொழிற்கல்லூரியா? மாதக்கணக்கில் கேட்கிறேன். “ம்” என்பான். மனசு ரொம்பத் தாராளமாக இருந்தால், “ஓகே லா.” அவன் அப்பா காத்திருக்கவில்லை. ஜேசி, பிறகு இன்ஜினியரிங் என்று அவரே முடிவெடுத்துவிட்டார். செம்பவாங் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். வேறு எப்படி யோசிப்பார்?

ஸ்கேன் முடிந்ததும் புதிதாக ஒரு வேலை வைத்திருந்தார்கள். ஷாலினி என்ற பெண், பூன் லே வட்டாரத்துக்காரி, ஆராய்ச்சிக் குழுவில் உதவியாளர், எங்களை ஒரு சின்ன அறையில் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

“ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும். கேமரா ஓடும். நான் பக்கத்து ரூம்ல இருப்பேன். வீட்ல என்ன பேசுவீங்க?”

“தமிழ்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே. கவின் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

“அப்போ தமிழ்லயே சண்ட போடுங்க லா. தலைப்பு?”

“பாலி” என்றான் கவின்.

கதவு சாத்தப்பட்டது. கேமராவில் சிவப்பு விளக்கு. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

“வணக்கம். என் பெயர் கவின்.”

பெற்றவளிடம்!

நானாவது சிரித்திருக்கலாம். பட்டிமன்ற மேடையேறிப் பழகிய என் வாய் சும்மா இருக்குமா? “வணக்கம். உங்கள் கருத்தைக் கூறுங்கள்” என்றது.

இந்த ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குப் புரியும். ஒரு மேசை, எதிரே ஒரு பெரியவர், நடுவில் தமிழ் — மூன்றும் சேர்ந்தால் அது பள்ளி வாய்மொழித் தேர்வு. வேறெதற்கும் அந்தத் தமிழை அவர்கள் வெளியே எடுப்பதில்லை.

“என் கருத்து என்னவென்றால், நான் தொடக்கக் கல்லூரிக்குச் செல்ல விரும்பவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயின்று, தாதியாக விரும்புகிறேன்.”

அவன் வாயிலிருந்து முழு வாக்கியம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அதுவும் எழுவாய், பயனிலையோடு.

வீட்டில் “நர்ஸ்” என்று சொல்லியிருந்தால் “நர்ஸாடா?” என்று என் குரல் தானாக ஏறியிருக்கும். ‘தாதி’ என்றதும் ஏறவில்லை. அகராதியில் அந்தச் சொல்லுக்கு வளர்ப்புத்தாய் என்றும் பொருள் உண்டு. மீசை அரும்பும் பிள்ளை அதுவாக விரும்புகிறேன் என்கிறான்... என்ன சொல்லி மறுப்பது?

“அதற்கான காரணங்கள் யாவை?” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“தேக்கா சந்தையில் ஒருவர் மயங்கி விழுந்தார். அவசர மருத்துவ வண்டி வரும்வரை நான் அவர் அருகில் அமர்ந்திருந்தேன். அவர்... அவர் என் கையை விடவே இல்லம்மா.”

கடைசியில் தேர்வுத் தமிழ் உடைந்துவிட்டது. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன தீபாவளி நேரத்தில் மட்டன் வாங்கப் போனவன் ரொம்ப நேரம் கழித்து வந்த நாள் அது. ஏன் லேட் என்றதற்கு, “கூட்டம்” என்று ஒரே சொல்தான் சொன்னான்.

“இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஜேசியா பாலியான்னுதானே கேட்டீங்க.”

நியாயம்தான். நம் கேள்விகளுக்கு நாமே இரண்டு கட்டம் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் “ம்” என்கிறார்கள். இதைத்தான் பதின்ம வயதுக் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோமோ?

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோம். கை கழுவி வந்தவன், “அப்பாகிட்ட யாரு சொல்றது?” என்றான்.

நான்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

“இவன் தாதியாகணுமாம்.”

அவர் திருச்சிக்காரர். “தாதியா? அப்படின்னா?”

“நர்ஸ்.”

“நர்ஸா?”

குரல் ஏறிய ஏற்றம் இருக்கிறதே... எனக்கென்று நான் வைத்திருந்த அதே ஏற்றம். கவின் தன் அறைப் பக்கம் திரும்பினான். கதவு சாத்தினால் அவ்வளவுதான் — இந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு “ம்” மட்டும்தான்.

“ரெண்டு பேரும் உக்காருங்க” என்றேன். போனில் பத்து நிமிஷத்துக்கு டைமர் வைத்து மேசை நடுவில் போட்டேன். “அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. பல்கலைக்கழக முறை.”

சமையலறைக்குள் போய், சத்தம் வராமல் வெங்காயம் உரித்தேன்.

“வணக்கம்னு ஆரம்பிக்கவாப்பா?”

“கிண்டலாடா?”

பிறகு கவினின் குரல் மட்டும். தாழ்ந்து, திக்கி, நடுநடுவே ஆங்கிலத்தில் தாவி, மறுபடி தமிழுக்கு வந்து... டைமர் அடித்தது. யாரோ அணைத்தார்கள். நாற்காலி நகரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

பிறகு அவர் கேட்டார்: “நைட் ஷிப்டெல்லாம் போடுவாங்களே... சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவே?”

நம் அப்பாக்கள் ‘சரி’ என்று சொல்வதில்லை. சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள்.