எனுக்கு இவ்ளோ சின்ன மாலையா

திருப்பதியில் அலிபிரி போகிற சாலையில் ஒரு கால் சென்டர். வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேச அங்கே ஆட்கள் இருந்தார்கள். பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு லைன்கள், பெரியது ஒன்று, மாற்று ஒன்று; என் மேஜை போனும் அவற்றில்தான். ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். வில்லங்கம் அந்த மாறுகிற நேரத்தில்தான். பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் பாதிக்கு மேல் கட்டாகிவிடும்.

அன்று வெளியே ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய லைன் போவதும் வருவதுமாக இருந்தது. கங்காதர நெல்லூர் பக்கம் எங்கள் ஊர் டெலிபோன் பூத்திலிருந்து அம்மா என் மேஜை போனுக்குக் கூப்பிட்டாள்.

"நைனாவுக்கு ஒடம்பு செரியில்ல கண்ணு. நீ ஒண்ணியும் பதறாத."

அவ்வளவுதான். சத்தமில்லை.

எங்கள் பக்கத்தில் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, பதறாதே என்பார்கள். கேட்டவன் புரிந்துகொண்டு பஸ் ஏற வேண்டும். அப்பா போய்விட்டார், அழுகை முட்டி அம்மா போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். லைன் அறுந்தால் எப்படிக் கேட்கும் என்பது எனக்கு அத்துப்படி, சம்பளமே அதற்குத்தான். அந்தப் புத்தி அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன். தெருமுனையிலேயே செருப்பை உதறிவிட்டு, "என்ன உட்டுட்டுப் போய்ட்டியே நைனா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினேன். நைனா காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து உப்புமா துன்னுக்கினு இருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு மாலையையே பார்த்தார்.

"இன்னாடா, எனுக்கு இவ்ளோ சின்ன மாலையா?"

தெருவே சிரித்தது.

"கால் பெசகிக்கிச்சு, அவ்ளோதான்னு சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு கண்ணு" என்றாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நைனா மறுபடி தட்டை எடுத்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கீழே வைத்துவிட்டார். உயிரோடிருக்கிற மனுஷனிடம் அவர் சாவைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். இந்த மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது?

திரும்பிப் போய் அந்த வேலையைத்தான் வெறியாகப் பார்த்தேன். இரண்டாவது லைன் எப்போதும் விழித்திருக்கும்படி செய்தேன். ஒரே பேச்சை இரண்டு லைனிலும் சேர்த்தே அனுப்பினேன். ஒன்று போனாலும் மற்றதில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். போன லைன் திரும்பி வந்தாலும் உடனே அதை நம்பாமல், நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே அதில் பேச்சை ஏற்றினேன். அழைப்புகள் கட்டாவது நின்றது. மேலதிகாரி தோளில் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வாராவாரம் அம்மாவோடு நைனாவும் பூத்துக்கு வந்தார். போனை முதலில் வாங்குவது அவர்தான். நல்லா இருக்கியா என்று நான் கேட்கிறதுக்கு முன்னாலேயே, "உயிரோடதான் இருக்கறேன், மாலை வேணாம்" என்பார். ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகிப் போவேன். ஆனாலும் அதைக் கேட்காமல் எனக்கு அந்த வாரம் ஓடாது.

ஒரு மத்தியானம் அதே மேஜை போன் அடித்தது. நைனா குரல் வரவில்லை.

"நைனாவுக்கு ஒடம்பு செரியில்ல கண்ணு" என்றாள் அம்மா. "நீ ஒண்ணியும் பதறாத."

லைன் அறுந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். அறுபடவில்லை. அம்மா மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.