வலது பக்கத்து மைக்

ஒயர் பற்றவைக்கிற சூடான ஈயத்தில் குங்கிலியம் கருகும் புகை மூக்கில் ஏறினால் தொண்டை கரகரக்கும்; ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து, எங்கள் புத்தூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெருவுக்குத் தெரு வாய்ச்சண்டையாக இருந்த அந்தக் கோடையில் எங்கள் வீடு முழுக்க அந்தப் புகைதான். "சோறாக்கற பொகையவிட உங்க நைனா பொகைதான் ஜாஸ்தி" என்று அம்மா முனகிக்கொண்டே இருப்பார்.

நைனா, அதாவது என் அப்பா, கல்யாணங்களுக்கு "மைக் செட்" கட்டுகிறவர். ஊரில் அவரிடம் மட்டும்தான் செட் இருந்தது. இரண்டு தரப்பும் ஒரே மேடையில் ஊர் முன்னால் பேசிவிடுவது என்று முடிவானபோது, தமிழ்ப் பக்கம் பேச அரிசி மண்டிக்காரரும், தெலுங்குப் பக்கம் பேச எல்லோரும் "மாஸ்டர்காரு" என்று அழைக்கிற பள்ளிக்கூட வாத்தியாரும் முன்வந்தார்கள். ஆனால் ஒருவர் மைக்கை இன்னொருவர் தொடமாட்டாராம். நைனாவின் ஆம்ப்ளிபயரிலோ ஒரு மைக்குக்குத்தான் இடம். அதனால் இரண்டு மைக்குகளின் மெல்லிய குரலையும் வாங்கி, கொஞ்சம் பெரிதாக்கி, ஒன்றாக்கி ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கிற "ப்ரீஆம்ப்" பெட்டி ஒன்றை அவரே யோசித்துக் கட்ட உட்கார்ந்தார்.

கூடத்துத் தரையில் சாக்பீஸால் படம் போட்டார்; அதை மிதிக்காமல் தாண்டித்தான் நாங்கள் அடுப்படிக்குப் போவோம். திருப்பதியில் வாங்கிய பழைய ரேடியோவிலிருந்து, குரலைப் பெரிதாக்குகிற ஒரு வால்வு கிடைத்தது. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு வால்வுகளின் வேலை. "ஒரே ஊட்ல ரெண்டு குடித்தனம்டி" என்று காட்டினார். வால்வைச் சூடாக்குகிற ஒயர்களை என் பின்னலைப் போல இறுக்கி முறுக்கினார். "கொரல் கொரலாவே வரணும், தகரத்தத் தட்டின மாதிரி வரக்கூடாது" என்பதுதான் அவர் பிடிவாதம். ஒருநாள் சளியோடு நான் மைக்கில் பேச, பின்கட்டில் இருந்த அம்மா, "இன்னாடி, சளி புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டபோது நைனா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கூட்டத்துக்கு முந்தின நாள் மண்டிக்காரர் பார்க்க வந்தார். மைக் செருகுகிற இரண்டு துளைகளும் இடது பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. "எங்க ஒயரும் அவங்க ஒயரும் பின்னிக்கினு கெடக்கணுமா? தனித்தனியா வையி" என்றார். பெட்டிக்குள் வலது பக்கம் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அதன் பக்கம் குரல் ஒயர் போனால் இரையும் என்று நைனா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. சரி, யாரை வலது பக்கம் மாற்றுவது? அந்த இடத்தில் நைனா டிரான்ஸ்பார்மரை மறந்து, வலது கையால் தாம்பூலம் கொடுக்கிற வழக்கத்தை நினைத்துவிட்டார். "நம்ம ஆளுங்க எடதுலயே இருக்கட்டும். மாஸ்டர்காருக்கு மரியாதையா வலது பக்கம் குடுப்போம்" என்று ஒரு துளையை மாற்றிவிட்டார். சோதித்துப் பார்க்க வழியில்லை. அன்று போன கரண்ட் மறுநாள் கூட்டம் தொடங்கும்போதுதான் வந்தது.

மண்டிக்காரர் பேசினார்; மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மாஸ்டர்காரு எழுந்து "சோதருலாரா" என்றார். "உம்ம்ம்" என்று ஒரு பெருத்த இரைச்சல் அவரை அப்படியே விழுங்கியது.

"அரவவாள்ள பனே இதி!" என்று எதிர்ப்பக்கம் கத்தியது, தமிழ்க்காரன் செய்த வேலை என்கிறார்கள். யாரோ ஒயரை மிதித்து இழுத்தார்கள், சிலர் கல்லுக்குக் குனிந்தார்கள். மண்டிக்காரர் நைனாவின் காதோரம், "நல்லாத்தான கீது, அப்டியே வுட்டுடு" என்றார். அவர் சொன்னபடி விட்டால் ஊரில் பாதிக்கு நைனா துரோகி. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நைனா இரண்டு மைக்கையும் பிடுங்கி, ஒயர்களை மாற்றிச் செருகினார். மாஸ்டர்காருவின் குரல் கணீரென்று வந்தது. இப்போது மண்டிக்காரரின் மைக் உம்மென்றது.

"எங்க சோத்தத் துன்னுட்டு எங்களுக்கே உம்மா?" என்று எங்கள் தமிழ்ப் பக்கம் எழுந்தது.

"உம்முன்றது பொட்டிங்க, ஆளில்ல" என்று நைனா தொண்டை கிழியக் கத்தினார். "மரியாதைக்கு வலது பக்கம் குடுத்தேன், டிரான்ஸ்பார்மர் அங்கதான் கீது. தப்பு என்னுது. அடிக்கறதுன்னா என்னை அடிங்க."

மாஸ்டர்காரு அவரை உற்றுப் பார்த்தார். "மரியாத ஜாஸ்தியாயிடுச்சிப்பா" என்று சிரித்துவிட்டு, தம் மைக்கை மண்டிக்காரரிடம் நீட்டினார். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாஸ்டர்காருவோ விடவில்லை, மைக்கைத் தாமே அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். மண்டிக்காரரும் சளைக்காமல் தெலுங்குப் பக்கத்தை அதிலேயே திட்டித் தீர்த்தார். குனிந்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

எல்லைக்கோடு பிறகு எங்களைக் கேட்காமலே விழுந்தது. திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அந்த இருவரும் இல்லை, நைனாவும் இல்லை, அந்தப் பெட்டியும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இப்போது எலெக்‌ஷன் வந்தால் கட்சிக்கு ஒரு வண்டி, வண்டிக்கு எட்டு ஸ்பீக்கர் பெட்டி. எதிலும் உம்மென்ற சத்தமே வருவதில்லை. தன்னைத் திட்டுகிறவன் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்துக்கொண்டு, கை வலித்ததும் அடுத்த கைக்கு மாற்றிக்கொண்ட ஒரு மனிதரை மட்டும் அதன்பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.