மீசை கோணலாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

"கத்தி புடிக்கத் தெரியாத பொண்ணு, கத்தியப் பத்தி நமக்கு என்னா சொல்லப்போவுது?"

2001-ம் வருடம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறு வாரம், திருத்தணியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் ஒருவர் இப்படிக் கேட்டார். சுற்று வட்டாரத்து சலூன்காரர்கள் நாற்பது பேர் போல அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர் அவர்களில் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த என் நைனாவும் சிரித்தார். மைக் என் கையில் இருந்தது.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கனகம்மாசத்திரத்தில் திருப்பதி ரோட்டோரம் ஒரு சலூன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்ததும் ஒரு சிஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக் கன்னியாஸ்திரி, நர்ஸ் படித்தவர். ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், கடல் போன்ற ஒரு ஏரியின் கரையில் லூவோ என்ற மக்களிடையே பத்து வருடம் ஊழியம் செய்தவர். எய்ட்ஸ் அங்கே வீடு வீடாக ஆளைத் தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர், திருத்தணியை ஒட்டி ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அதே நோயோடு வருகிறவர்களுக்காக ஆறு கட்டில் போட்டிருந்தார்.

கட்டிலில் இருப்பவர்களை விட்டு வர முடியாததால், சலூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை அவர் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மேல் பாதியில், ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு போட வேண்டும் என்று இருந்தது. கீழ்ப் பாதியில், புது பிளேடு போட்டு, ரத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் இந்த நோய் உள்ளவருக்கும் தாராளமாக முகம் வழிக்கலாம், தொடுவதால் ஒட்டாது என்று இருந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் தாளைப் பார்க்கவில்லை. ஒரு பிளேடைத் தூக்கிக் காட்டி, "இந்த நோவு இருக்கறவன் மூஞ்சில கத்தி வெச்சீங்கன்னா அது அவனோட போவாது. உங்க வூடு வரைக்கும் வரும்" என்றேன். மண்டபம் அடங்கிவிட்டது. கீழ்ப் பாதியை நான் வாசிக்கவே இல்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. செவ்வாய்தோறும் நைனா சவரப் பெட்டியோடு சிஸ்டர் வீட்டுக்குப் போய், அங்கே இருப்பவர்களுக்கு முகம் வழித்துவிட்டு வருவார். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலையே கிடைத்தது. அங்கிருப்பவர்களுக்கு டீ.பி. என்று அவர் நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டார் என்று நானும் சொல்லவில்லை. அங்கே இருப்பது இந்த நோய்தான் என்று மண்டபத்தில்தான் அவருக்கு விளங்கியது. அந்தச் செவ்வாய் அவர் போகவில்லை. சாப்பிட உட்காரும்போது விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த செவ்வாயும், அதற்கடுத்ததும் போகவில்லை.

மூன்றாவது கட்டிலில் ஒரு தறிக்காரர் இருந்தார். பம்பாய் பக்கம் பிவண்டிக்குப் பவர்லூம் ஓட்டப் போய் நோயோடு திரும்பியவர். முப்பது வயது இருக்கும். விரல்கள் மரத்து, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அவருடைய ஐந்து வயது மகள் மாமன் வீட்டில் வளர்ந்தாள். தாயில்லாத பிள்ளை. மாதம் ஒரு ஞாயிறு மாமன் அவளை அழைத்து வருவார். அந்த மாதம் அவள் அப்பாவின் ஒட்டிய கன்னத்தையும் தாடியையும் பார்த்து வாசலிலேயே அலறிவிட்டாள். உள்ளே வரவே இல்லை.

மாமன் போகும்போது தறிக்காரரிடம், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டினு வரேன் பாவா. அன்னிக்கும் அழுதுச்சின்னா இத்தோட வுட்டுடலாம். ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தே போனார்.

தறிக்காரரின் தலைமாட்டில் கல்யாண போட்டோ ஒன்று இருந்தது. மழித்த முகம், அடர்ந்த மீசை. மகளுக்குத் தெரிந்த அப்பா அந்த மீசைதான். நானே வழித்துவிடுகிறேன் என்று சிஸ்டர் சொன்னபோது அவர் பதறினார். "வாணாம் சிஸ்டர். உங்க கிட்ட மூஞ்சியக் குடுத்தா மீசை மிஞ்சாது."

திருத்தணியில் நான்கு சலூன்களில் கேட்டேன். மூன்றில் முடியாது என்றார்கள். நான்காவதில், "நீதான மைக்ல சொன்ன பொண்ணு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குத் துண்டு போர்த்தினார் கடைக்காரர்.

சனிக்கிழமை நைனாவிடம் போனேன். புது பிளேடு போட்டால் ஒன்றும் ஆகாது என்றேன்.

"அப்போ அன்னிக்குப் பொய் சொன்னியா?"

"பாதிதான் சொன்னேன் நைனா."

"அத்தினி பேர் எதிர்ல ஒண்ணு சொன்ன. இப்ப வூட்டுக்குள்ள எனக்கு மட்டும் வேற சொல்ற. எத நான் நம்பறது?"

அப்படியானால் கத்தியைக் கொடுங்கள், நானே வழிக்கிறேன் என்றேன். "இது உனக்கு வாணாம்னுதான படிக்க வெச்சேன்" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் எப்போதும் பூட்டும் பெட்டியை அன்று பூட்டவில்லை.

ஞாயிறு காலை பெட்டியிலிருந்து எடுத்த கத்தியோடு போனேன்; சலூன்காரர் மகள் என்று தறிக்காரர் சம்மதித்தார். சிஸ்டர் எனக்குக் கையுறை கொடுத்தார். தறிக்காரரின் முகத்தில் சோப்பு நுரை தடவியபடியே, நான் மண்டபத்தில் என்ன பேசினேன் என்று முதல் தடவையாகக் கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நானும் இதே மண்டத்தனத்தைப் பண்ணியிருக்கேன் மக்ளே" என்றார்.

லூவோ மக்களிடம், சாவு நடந்த வீட்டில் எல்லோரும் தலை மழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டாம். குடும்பம் முழுவதற்கும் ஒரே பிளேடு. இவர் மாதா கோயிலில் எழுந்து, அந்த பிளேடில் சாவு இருக்கிறது என்று பேசினார். கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு இந்த நோயில் செத்த ஒருவரின் மனைவிக்குத் தலை மழிக்க யாரும் வரவில்லை. மழிக்கும் வரை அவள் அடுத்த வீட்டுக்குள்ளோ கோயிலுக்குள்ளோ போக முடியாது. ஞாயிறுதோறும் வந்து கோயிலுக்கு வெளியே நின்றாள். ஐந்தாவது ஞாயிறு சிஸ்டர் புது பிளேடோடு அவள் வீட்டுக்குப் போனார். முதல் கீற்றை எங்கே வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவளே தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

"இதுவா நம்ம ஊழியம்னு பங்குச் சாமியார் கேட்டாரு. மறு வாரம் அவ உள்ள வந்து முதல் பெஞ்சுல இருந்தா" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

கத்தியில் புது பிளேடை மாட்டினேன். எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். "மொதல் தடவையா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். ரத்தம் வந்தது. சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சையும் பிளேடையும் தகர டப்பாவில் போட்டு மூடினார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மீசையின் இடது பக்கம் மட்டும் மேலே ஏறிவிட்டது.

குழந்தை பத்தரை மணிக்கு வந்தாள். வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். மாமனின் விரலை விடவில்லை.

"மீசை ஏன் கோணலாக்கீது?" என்றாள்.

"அக்கா இதுக்குப் புதுசும்மா. இப்பதான் கத்துக்கினு இருக்குது."

அவள் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மாமன் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் அதே மண்டபம், அதே ஆட்கள். வரவே மாட்டேன் என்றவர்களையும் சிஸ்டர் நேரில் போய் அழைத்திருந்தார். அன்று நான் பாதியை மறைத்தேன், நீங்கள் சிரித்ததால் பயமுறுத்தினேன் என்று மைக்கில் சொன்னேன். தாளை முழுவதும் வாசித்தேன். அந்த மூத்தவர் விடவில்லை. "இப்பவாச்சும் கத்தி புடிச்சியா?" என்றார்.

"ஆங், புடிச்சேன். ரெண்டு எடத்துல வெட்டிட்டேன்."

இந்த முறையும் சிரித்தார்கள். நைனா மட்டும் எழுந்து வெளியே போனார். அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து சிஸ்டர் வீட்டுக்குப் போனால், மூன்றாவது கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி திறந்திருந்தது. நைனா, மீசையின் வலது பக்கத்தை இடது பக்கத்துக்குச் சமமாக்கிக்கொண்டிருந்தார். "இன்னா வேல பண்ணி வெச்சிக்கிற நீ" என்று என்னைத் திட்டினார்.

தறிக்காரர் பொங்கலுக்கு முன்பே இறந்துவிட்டார். அதுவரை மகள் நான்கு முறை வந்தாள்.

சிஸ்டர் உடம்பு தேறி, பழைய ஏரிக்கரைக்கே திரும்பிவிட்டார். நான் நர்சிங் முடித்தேன். அங்கே ஆள் வேண்டும் என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. பயத்தைக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது, அதைத் திருப்பி வாங்கப் போனபோதுதான் என் படிப்பு தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். போன வியாழக்கிழமை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், கென்யா போவதற்கு வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். சிஸ்டர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை, கீழ்ப் பாதி மேலே தெரியும்படி மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன்.