நீலமாகத் தெரிந்த தகரக் கூரைகள்

செயற்கைக்கோள் சொல்லிவிட்டால் உங்கள் வீட்டில் புழுக்கமே இல்லை என்று ஒப்புக்கொள்வீர்களா?

எங்கள் தெருவில் எல்லோரும் ‘மேப்பு மேடம்’ என்று கூப்பிடும் ஒரு பெண் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர். யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய செயற்கைக்கோள் படங்களை, அதேபோல் காசில்லாத வரைபட மென்பொருளில் போட்டு, ஊரில் எந்தத் தெரு எவ்வளவு சுடுகிறது என்று வண்ணமிட்டாள். சூடு அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் நீலம். சிவப்புத் தெருக்களின் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசித் தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது.

அவள் தன் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், எங்கள் தெரு கருநீலம். தெரு முழுக்கத் தகரக் கூரை. அதன் கீழ்தான் அவள் அக்கா நாளெல்லாம் தையல் மிஷின் மிதிக்கிறாள்.

“ஓ, நம்ம வீடு குளுகுளுன்னு இருக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு கம்பளி தைச்சிருப்பேன்லடி,” என்றாள் அக்கா, வெட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்தபடி.

“சும்மாயிரு அக்கா. எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்.”

“சீக்கிரம் கண்டுபிடி. போன வாரமே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அடுத்த தடவை விழுந்தா உன் செயற்கைக்கோள்தான் சோடா வாங்கித் தரணும்.”

தேடினாள். பளபளக்கும் தகரம் எவ்வளவு சுட்டாலும் வெப்பக் கதிரைக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அது குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். இவளோ எல்லாக் கூரைக்கும் ஒரே கணக்கைப் போட்டிருந்தாள். வீடு வீடாக வெப்பமானி மாட்டி அளந்து, தகரத்துக்குத் தனிக் கணக்குப் போட்டாள். தெரு சிவந்தது.

புது வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் நகராட்சிப் பொறியாளர் சிரித்தார். “நீங்க குடியிருக்கற தெரு மட்டும் திடீர்னு சூடாயிடுச்சாக்கும்?”

“என்னை நம்ப வேண்டாம் சார். படம், கணக்கு, அளந்தது எல்லாத்தையும் இணையத்துல போட்டிருக்கேன். உங்க ஆளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.”

போட்டுப் பார்த்தார்கள். எங்கள் தெருவோடு, அவள் எட்டிக்கூடப் பார்த்திராத ஆறு தகரக் குடியிருப்புகளும் சிவந்தன. “இவ்வளவு பூச்சுக்கு நான் எங்கம்மா போவேன்?” என்று பொறியாளர் தலையில் கைவைத்தார், அந்தக் கையாலேயே கையெழுத்தும் போட்டார். இப்போது கூரைமேல் ஆட்கள் பூசுகிறார்கள். கீழே நின்று, “மிஷின் மேல சொட்டாம பூசுங்கப்பா,” என்று அக்கா அதிகாரம் பண்ணுகிறாள்.

தகரத்தின் கீழ் வேகிறவர்கள் குளிர்ச்சியாக இருப்பதாக எழுதிவைப்பது, கணக்குப் பிழையானாலும் அநியாயம்தான். உங்கள் ஊருக்கு அப்படியொரு வரைபடம் இருந்தால் திறந்து உங்கள் தெருவைத் தேடுங்கள். நிறம் பொய் சொன்னால், ஒரு வெப்பமானியை மாட்டி அளந்து, அந்த அளவோடு நகராட்சிக்கு எழுதுங்கள்.