காற்றுப் பார்த்துத் தீ மூட்டியவர்

சேரன்மகாதேவியில் பேருந்துக்கு நிற்கும்போது நம் அந்தோணி போனில் கூப்பிட்டான். "சார், மேரியக்கா போயிட்டாவ. மூச்செடுக்க முடியல." நம் ஊர்க் குப்பையை எரிக்கும் உலையில் நம்மோடு எட்டு வருடம் நின்ற செல்வமேரி இறந்துவிட்டார். அங்கே மேற்பார்வை பார்த்தவன் நான். சேதி கேட்டதும் அழுவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

உலையில் உடன் வேலை பார்த்த உங்களுக்கே தெரியும், காற்றைப் பார்க்காமல் அவர் தீ மூட்டமாட்டார். முந்தானையைத் தூக்கிப் பிடித்து நிற்பார். "காத்து பள்ளிக்கூடத்துப் பக்கம் போவுது. பைய மூட்டுவோம் சார், அங்கன புள்ளைய இருக்கு." தாமதம் என்று எத்தனை முறை பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். மறுநாளும் அப்படியேதான் நிற்பார். பிடிவாதக்காரி.

புகையை அளக்க ஆட்கள் வந்த அன்று நடந்ததை இனி மறைக்க மாட்டேன். முந்தின நாளே காய்ந்த தென்னை மட்டையைக் குவிக்கச் சொன்னேன். பிளாஸ்டிக், டயப்பர், ஈரக் குப்பை எல்லாவற்றையும் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினோம். மறுநாள் உலை மூட்டும்போது மேரி தார்ப்பாயை விலக்கி ஒரு கூடை அள்ளி வந்தார். நான் கூடையைப் பிடித்து இழுத்தேன்.

"நாளைக்கும் மட்டையத்தான் எரிக்கப் போறோமா சார்?"

"பேசாம இரும்மா" என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அன்று புகைபோக்கியில் புகையே கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றுக்குக் கேடில்லை என்று அறிக்கை வந்தது. அதில் என் கையெழுத்து இருக்கிறது.

மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது மேரி ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. ஆற்றுப் பக்கம் என்று பொய் சொன்னேன்.

"அங்கன வயக்காட்டுல ஆளு நிக்குமே" என்றார்.

அவர் நுரையீரலைக் கெடுத்தது எது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. இப்போது அந்த அறிக்கையைக் காட்டித்தான் உலையை நடத்துகிறவர்கள் இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அன்று எரித்தது வெறும் மட்டை என்று நேற்று அனுமதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர், "இப்ப எதுக்கு சார் இது? ஆளே போயாச்சு" என்று மடித்து வைத்துக்கொண்டார். என் ஒருவன் பேச்சு அங்கே எடுபடாது.

மேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது வெட்கம் ஒன்றுதான். அதை விட்டுவிட மாட்டேன். நாளை மறுநாள் அனுமதிக் கூட்டம். அன்று உடன் நின்ற ஆறு பேரையும் கெஞ்சிக் கேட்கிறேன், வாருங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் வராவிட்டால், மேரி நல்ல காற்றைச் சுவாசித்துத்தான் செத்தார் என்று என் கையெழுத்தே அங்கே சாட்சி சொல்லும்.